டீசல் பிக்கப் வேனுக்கு எந்த ஏர் ஃபில்டர் வாங்கலாம்? பெரும்பாக்கம் தூசியும் வாரண்டி பயமும் - ஒரு விரிவான அலசல்

பெரும்பாக்கம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் லோடு வண்டி ஓட்டுபவர்களிடம் கேட்டால் தெரியும். மழை பெய்தால் தண்ணீர், மழை விட்டால் தூசி. சென்னை மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்தில் இருந்து சோழிங்கநல்லூர் வரை போகும் 5-வது வழித்தடம் இந்தச் சாலை வழியாகத்தான் வருகிறது. பெரும்பாக்கம், குளோபல் மருத்துவமனை, எல்காட் என வரிசையாக நிலையங்கள். கொஞ்சம் தள்ளி ஓ.எம்.ஆரில் சிப்காட் வரை செல்லும் 3-வது வழித்தடம். மொத்தம் 118.9 கிலோமீட்டர் கொண்ட இந்த இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் செலவில் மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது.

திட்டம் முடிந்தால் ஊருக்கு நல்லதுதான். ஆனால் முடியும் வரை தோண்டிய மண், எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர், பாதி போட்ட சாலை ஆகியவற்றுக்கு நடுவேதான் குட்டி யானை, தோஸ்த், பொலிரோ பிக்கப் எல்லாம் தண்ணீர் கேனும் கட்டுமானப் பொருளும் வீட்டுச் சாமானும் ஏற்றிக்கொண்டு ஓடவேண்டும். பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்புகளில் இருந்து லோடு வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் நிறையப் பேர். பலருக்கு வண்டிக்கு இன்னும் மாதத் தவணை முடியவில்லை. இன்ஜின் படுத்தால் வாடகை போகும், தவணை மட்டும் நிற்காது.

அதனால்தான் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி முக்கியமாகிறது. "கம்பெனி ஃபில்டர் வேணுமா, வெளி ஃபில்டர் போதுமா?" விலையில் சில நூறு ரூபாய் வித்தியாசம் இருக்கும். கூடவே "இதைப் போடுங்க, பிக்கப்பும் மைலேஜும் ஏறும்" என்று துவைத்துப் பயன்படுத்தும் காட்டன் ஃபில்டரைக் காட்டுபவர்களும் உண்டு. இதில் எதை நம்புவது? விரிவாகப் பார்க்கலாம்.

இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறது?

ஒரு லிட்டர் டீசல் எரிய குறைந்தபட்சம் சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும். டீசல் இன்ஜின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றை இழுத்தே ஓடும் என்பதால் உண்மையான அளவு இதைவிட அதிகம். 2.5 லிட்டர் இன்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். டர்போ கணக்கைச் சேர்க்காமலே மணிக்கு 150 கன மீட்டர் காற்று உள்ளே போகும். ஒரு சின்ன அறையில் இருக்கும் மொத்தக் காற்றையும் பத்து நிமிடத்தில் காலி செய்யும் வேகம் அது.

அந்தக் காற்றோடு வருவது வெறும் மண் தூசி அல்ல. பல்லாவரம், திரிசூலம் பகுதிப் பாறைக்கு 'சார்னோகைட்' என்று பெயர். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறைதான், அதிலிருந்து வந்த பெயர். இந்த வகைக் கல்லிலும், ஜல்லி, எம்-சாண்டுக்காக உடைக்கப்படும் கருங்கற்களிலும் குவார்ட்ஸ் கலந்திருக்கும். குவார்ட்ஸ் இன்ஜினின் இரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியாத 5 முதல் 20 மைக்ரான் அளவுள்ள துகள்கள் பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலத்துக்குள் புகுந்தால் உப்புத்தாள் போலத் தேய்த்துக்கொண்டே இருக்கும். டர்போ இருந்தால் இன்னும் மோசம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் அலுமினிய இறக்கையின் மீது அந்தத் தூசி மோதும்.

இதன் விளைவு ஒரே நாளில் தெரியாது. முதலில் ஆயில் குறைய ஆரம்பிக்கும். "வண்டி ஆயில் தின்னுது" என்பார்கள். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை. மேடு ஏறும்போது இழுவை இருக்காது. மெக்கானிக் "இன்ஜின் இறக்கணும்" என்று சொல்லும்போது, காரணமான ஃபில்டர் குப்பைக்குப் போய் பல மாதம் ஆகியிருக்கும். அதனால்தான் யாரும் ஃபில்டரைக் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை.

99.5-க்கும் 97-க்கும் என்ன பெரிய வித்தியாசம்?

ஏர் ஃபில்டர்களை ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சர்வதேசத் தரநிலைப்படி சோதிக்கிறார்கள். அளந்த தூசியை ஊட்டி, எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு தப்பிப் போகிறது, காற்றுக்கு எவ்வளவு தடை ஏற்படுகிறது, எவ்வளவு தூசி சேர்ந்த பிறகு அடைக்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல காகித ஃபில்டர்கள் 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும்.

இங்கேதான் வாங்குபவர் ஏமாறுகிறார். 99.5 சதவீதமும் 97 சதவீதமும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இன்ஜினுக்கு முக்கியம் பிடிபட்டது அல்ல, தப்பியது. முதல் ஃபில்டரில் தப்புவது 0.5, இரண்டாவதில் 3. அதாவது ஆறு மடங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாள் முழுவதற்குமான சராசரியாக காற்றில் பி.எம்.10 நுண்துகள் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்திய வரம்பு. டிப்பருக்குப் பின்னால் போகும் வண்டி, அதைப்போல பத்து மடங்கு தூசியில், அதாவது கன மீட்டருக்கு 1 மில்லிகிராமில் ஓடுகிறது என்று வைப்போம். நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள். மொத்தம் 270 கிராம் தூசி ஃபில்டருக்கு வந்து சேரும். 99.5 சதவீத ஃபில்டர் அதில் ஒன்றரை கிராமுக்கும் குறைவாகவே உள்ளே விடும். 97 சதவீதம் என்றால் 8 கிராம். 8 கிராம் என்பது ஒரு டீஸ்பூன் கல்மாவு. அதைக் கையில் எடுத்து இன்ஜினுக்குள் போடச் சொன்னால் எந்த ஓட்டுநராவது போடுவாரா?

விலை குறைந்த ஃபில்டர் எல்லாமே மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் காகிதம் எந்த வகை என்பதைக் கடையில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் அர்த்தம். ஆகவே பார்த்துச் சொல்லக்கூடியவற்றை வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

"பிக்கப் ஏறும்" என்கிறார்களே, காட்டன் ஃபில்டர் போடலாமா?

எண்ணெய் தடவிய பருத்தி வலை ஃபில்டர்கள் அமெரிக்காவில் பிரபலம். துவைத்து, மறுபடி எண்ணெய் பூசி, ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம் என்பதுதான் விற்பனைப் பேச்சு. காற்று எளிதாகப் போகும் என்பதும் உண்மைதான். ஆனால் காற்று எளிதாகப் போகிறது என்றால் பொதுவாகத் தூசிக்கும் கொஞ்சம் வழி கிடைக்கும். ரேஸ் ஓட்டுபவருக்கு அது கவலை இல்லை, ஒரு பந்தயத்துக்குப் பிறகு இன்ஜினைப் பிரித்துவிடுவார். லோடு வண்டிக்காரருக்கு இன்ஜின் பல லட்சம் கிலோமீட்டர் ஓடவேண்டும்.

மைலேஜ் கணக்கும் அப்படித்தான். ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் குறையும் என்பது கார்புரேட்டர் காலத்தில் இருந்து வரும் பேச்சு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல் நவீன பெட்ரோல் கார்களில் சோதித்தபோது, ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, வேகம் எடுப்பதில்தான் சுணக்கம் என்று தெரிந்தது. டீசல் கதை கொஞ்சம் வேறு. மோசமாக அடைத்தால் லோடில் கறும்புகை வரும், டீசலும் வீணாகும். ஆனால் சுத்தமாக இருக்கும் ஒரு நல்ல காகித ஃபில்டரைக் கழற்றிவிட்டு காட்டன் போட்டால், கம்பெனி டியூனிங்கில் ஓடும் பிக்கப்பில் பெரிதாக எதுவும் ஏறாது. இன்ஜினுக்குத் தேவையான காற்று ஏற்கெனவே கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. பல மாடல்களில் ஃபில்டருக்கு அடுத்தபடியாக காற்றின் அளவைப் பார்க்கும் சென்சார் இருக்கும். துவைத்த ஃபில்டரில் எண்ணெயை அள்ளிப் பூசினால் அது பறந்து சென்சாரின் மெல்லிய கம்பியில் படியலாம். சென்சார் தப்பாகச் சொன்னால் இழுவை குறையும், செக் இன்ஜின் விளக்கு எரியும். அளவாகப் பூசினால் இந்தப் பிரச்னை வராது என்று தயாரிப்பு நிறுவனங்கள் சொல்கின்றன. சரி, சாலையோர ஷெட்டில் யார் அளந்து பூசப் போகிறார்கள்? புகை கூடினால் சைலன்சர் பக்கம் இருக்கும் டி.பி.எஃப். எனும் கரி வடிகட்டியும் சீக்கிரம் நிரம்பும். அதன் செலவோடு ஒப்பிட்டால் ஃபில்டரில் மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை.

வெளி ஃபில்டர் போட்டால் வாரண்டி போய்விடுமா?

பலரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே கட்டிப்போட்டு வைத்திருக்கும் பயம் இதுதான். இதற்கு ஒரு பெரிய வழக்கின் பின்னணி உண்டு.

உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விடாமல், வெளியில் ரிப்பேர் பார்த்தால் வாரண்டி ரத்து என்று மிரட்டுகிறார்கள் என 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிக்கப் சந்தையில் பெரிய பெயர்களான டாடா மோட்டார்ஸும் மஹிந்திராவும் அந்தப் பட்டியலில் இருந்தன.

அபராதத்தைவிட முக்கியம் உத்தரவில் இருந்த ஒரு விஷயம். வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது. வெளியில் நடந்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால், அந்தச் சேதம் வரைக்கும் மட்டுமே வாரண்டியை மறுக்கலாம். நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் ஆகிய மூன்றின் விஷயத்தில் விதிமீறல் நடந்தது என்ற முடிவை ஏற்றுக்கொண்டு அபராதத்தை மட்டும் குறைத்தது. வேறு சில நிறுவனங்களின் வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயின.

இந்த வழக்கு கார்களைப் பற்றியது, லோடு வண்டிகளைப் பற்றியது அல்ல. எனவே இதைக் காட்டினால் எந்த சர்வீஸ் சென்டரும் உடனே ஒப்புக்கொள்ளும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆனாலும் இதில் இருக்கும் நியாயம் எளிமையானது. வைப்பர் மோட்டார் பழுதானால், "நீங்க வெளி ஃபில்டர் போட்டிருக்கீங்க, வாரண்டி இல்லை" என்று சொல்ல முடியாது. டர்போ இறக்கை தூசியால் தேய்ந்திருந்தால் ஃபில்டரைப் பற்றிக் கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள். அப்போது கையில் பில் இருக்கிறதா, பார்ட் நம்பர் அந்த மாடலுக்கு உரியதா, மாற்றவேண்டிய நேரத்தில் மாற்றப்பட்டதா என்பதுதான் வண்டிக்காரருக்குத் துணை நிற்கும். நேர்மையாகச் சொன்னால், வாரண்டி காலம் ஓடும் பி.எஸ்.6 வண்டிக்கு இந்தச் சில நூறு ரூபாய்க்காக வாக்குவாதம் செய்யும் நிலையை வரவழைத்துக்கொள்ளாமல் கம்பெனி ஃபில்டரையே போடுவது நிம்மதி. வாரண்டி முடிந்த வண்டிக்குத்தான் வெளிச்சந்தை உண்மையில் லாபம்.

புகார் கொடுக்க வேண்டி வந்தால் இன்னொரு கேள்வி எழும். 'வியாபாரத்துக்கு வாங்கிய வண்டிதானே, நுகர்வோர் சட்டம் பொருந்தாது' என்று எதிர்த்தரப்பு வாதிடும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கியிருந்தால் அவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. தானே ஓட்டும் ஒற்றை வண்டி உரிமையாளருக்கு இது பெரிய ஆயுதம். பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்கு அவ்வளவு எளிதாக இருக்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்திலும் வாகனத் துறை சேர்க்கப்பட்டிருக்கிறது.

சரி, கடையில் என்ன பார்த்து வாங்குவது?

வெளி ஃபில்டர் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு சாதி உண்டு. பாஷ், மான் ஹம்மல், மாலே, ஃப்ளீட்கார்டு, எலோஃபிக் மாதிரியான ஃபில்டர் தயாரிப்பு நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது ஒன்று. இவற்றில் வாகனக் கம்பெனிகளுக்கே சப்ளை செய்பவர்களும் இருக்கிறார்கள். பெயர் தெரியாத பெட்டியில், அல்லது தெரிந்த பெயரைத் திருடி அச்சடித்த பெட்டியில் வருவது இன்னொன்று. பிரச்னை இரண்டாவதில்தான். போலி முத்திரையோடு பொருள் விற்பது வணிக முத்திரைச் சட்டம் 1999-ன்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் 'பில் வேண்டாம், கொஞ்சம் குறைச்சுக்கோங்க' என்று வாங்கியவர் எந்தக் கடை மீது, எதை வைத்துப் புகார் கொடுப்பார்? 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. ஒரே 18 சதவீதம்தான். ஜி.பி. ரோடாக இருந்தாலும் மேடவாக்கம் கூட்ரோடாக இருந்தாலும் பில் போட்டே வாங்குங்கள்.

பழைய ஃபில்டரைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. "இதே சைஸ்தான், போடுங்க" என்பதை மட்டும் ஏற்காதீர்கள். ஒரே மாடல் பெயரில் பி.எஸ்.4-க்கு ஒரு ஃபில்டர், பி.எஸ்.6-க்கு வேறு ஃபில்டர் இருக்கலாம். உயரத்தில் இரண்டு மில்லிமீட்டர் குறைந்தால்கூட ஓரத்தில் இடைவெளி விழும். காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். எவ்வளவு உயர்ந்த காகிதமாக இருந்தாலும் ஓரம் ஒழுகினால் பயன் இல்லை. விலை உயர்ந்த ஃபில்டரைத் தப்பாக மாட்டுவதைவிட சுமாரான ஃபில்டரை இறுக்கமாக மாட்டுவது மேல்.

அதனால் காகிதத்துக்கு முன் ரப்பரைப் பாருங்கள். ஓர ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும், அழுத்தி விட்டால் திரும்பி எழ வேண்டும். பிசிறு, வெடிப்பு, பசை வழிந்த இடம் இருக்கக் கூடாது. மடிப்புகள் ஒரே சீராக நிற்க வேண்டும். செல்போன் டார்ச்சை உள்ளே வைத்துப் பார்த்தால் ஊசித்துளை இருந்தால் புள்ளியாக ஒளி தெரியும். மாட்டும்போது மூடியின் கிளிப் அடித்து மூடவேண்டிய நிலை வந்தால் அது உங்கள் வண்டிக்கான ஃபில்டர் இல்லை.

மாட்டியதோடு வேலை முடிவதில்லை. ஓரிரு வாரம் ஓட்டிய பிறகு ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கம் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வந்தால் ஃபில்டரும் ரப்பரும் வேலை செய்கின்றன. மண் நிறம் ஒட்டினால், பெட்டியில் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் சரி, எங்கோ ஒழுகுகிறது. குழாயின் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும்.

ஏர் அடித்துச் சுத்தம் செய்வது நல்லதா?

பஞ்சர் கடையில் ஏர் அடித்து, டயரில் நாலு தட்டு தட்டி மறுபடி மாட்டுவது நம் ஊர் வழக்கம். உண்மையில் காகித ஃபில்டர் புதிதாக இருக்கும்போதைவிட, கொஞ்சம் தூசி படிந்த பிறகுதான் நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே இன்னொரு வடிகட்டியாக மாறும். வாரா வாரம் கழற்றித் தட்டினால் அந்தப் பலன் போவதோடு, கழற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மண் சுத்தமான பக்கம் விழும். கம்ப்ரசரின் அழுத்தம் காகிதத்தைக் கிழிக்கும், கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. சர்வீஸ் புத்தகத்தில் அனுமதி இருந்தால் மட்டும், குறைந்த அழுத்தத்தில், உள்ளே இருந்து வெளியே ஊத வேண்டும். இரட்டை ஃபில்டர் உள்ள வண்டியில் உள் ஃபில்டரை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்பதற்கு வண்டியோடு வந்த புத்தகத்தில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று சாதாரண சாலைக்கு, இன்னொன்று தூசி நிறைந்த இடத்துக்கு. மெட்ரோ வேலை முடியும் வரை பெரும்பாக்கத்துக்காரர்களுக்கு இரண்டாவது கணக்குதான்.

மழைக்காலத்தில் வேறு மாதிரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் தண்ணீர் தேங்கியது போன்ற நிலை வந்தால், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சாவியைத் தொடாமல் மெக்கானிக்கை அழைப்பது நல்லது. தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நனைந்த காகித ஃபில்டரை வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டவேண்டாம். காய்ந்தாலும் அதன் மடிப்பும் பசையும் பழையபடி இருக்காது.